தாளை இங்கேயே வச்சிட்டுப் போ

சென்னையில் பயிற்சிப் புத்தகங்கள் போடும் ஓர் அலுவலகத்துக்குப் பல வருடங்களாகப் படம் வரைந்து கொடுக்கிறேன். அணில், ஆடு, கை கழுவும் பிள்ளைகள், சாலையைக் கடக்கும் பிள்ளைகள். ஒவ்வொரு வேலையோடும் ஒரு மாதிரிப் படம் சேர்ந்தே வரும். "இதே மாதிரி, ஆனா கொஞ்சம் வேற மாதிரி" என்பார்கள். அந்தக் கொஞ்சம் வேற மாதிரிதான் என் பிழைப்பு.

ஒருநாள் வந்த மாதிரிப் படத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி குடை பிடித்து நின்றாள். கன்னத்தில் வட்டமாகச் சிவப்பு, மூக்குக்கு ஒரேயொரு வளைகோடு, கால்விரல்கள் உள்பக்கம் திரும்பியிருந்தன. நான் வரையும் பிள்ளைகள் அப்படித்தான் நிற்பார்கள். ஆனால் இந்தப் பிள்ளையை நான் வரையவில்லை. உற்றுப் பார்த்தபோது, குடைக்காம்பு அவள் கைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரவே இல்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "இது யார் வரைஞ்சது?"

"யாரும் வரையல மேடம். கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்தோம். உங்களுக்கு ஈஸியா இருக்கட்டும்னுதான்" என்றாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். அவள் குரலில் கபடம் இல்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் அதிகமானது. இந்தப் பிள்ளைகளை அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்? என் படங்களை எடுத்து அதற்குள் போட்டார்களா?

சண்டை போடத் தயாராக என் பழைய வேலைகளையெல்லாம் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இது என் பாணி என்று நிரூபிக்க வேண்டும். தேடத் தேட வேறு ஒன்று தெரிந்தது. அந்தச் சிவந்த கன்னம் ஒரு வெளிநாட்டுச் சிறுவர் புத்தகத்தில் பார்த்து எடுத்தது. மூக்கு, கல்லூரி நாளில் நான் வாங்கிப் படித்த ஒரு பத்திரிகையின் ஓவியருடையது. உள்நோக்கிய கால்விரல்கள், இதே அலுவலகம் எப்போதோ அனுப்பிய மாதிரிப் படத்திலிருந்து வந்தவை. திருட்டுப் போய்விட்டது என்று புகார் கொடுக்கக் கிளம்பியவள், வீட்டிலிருந்த எந்தச் சாமானுக்கும் ரசீது இல்லை என்று கண்டுகொண்ட மாதிரி இருந்தது. கணினியை மூடிவிட்டேன். அந்தக் குடைப் பிள்ளையை அவர்கள் கேட்டபடியே வரைந்தும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் பழவேற்காட்டுக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் வீடு அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். யாரும் மாதிரி கொடுக்காத ஒன்றை, நேரில் பார்த்து, கையால் வரைய வேண்டும் என்பதைத் தவிர வேறு திட்டம் இல்லை.

"வெயில்ல போய் உக்காரணுமா? போட்டோ எடுத்துட்டு வந்து வீட்ல ஃபேனுக்கு அடியில வரையேன்" என்றார் கணவர்.

"போட்டோவும் மாதிரிப் படம்தானே" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கே அப்போது பாதிதான் புரிந்திருந்தது.

முதல் சில நாட்கள் பாலத்தின் மேல் நின்று ஏரியை வரைந்தேன். தூரத்துப் படகுகள், தூரத்துப் பறவைகள். தூரத்தில் இருப்பதையெல்லாம் யார் வரைந்தாலும் ஒரே மாதிரிதான் வந்தது. அதனால் ஒரு காலை பாலத்தைத் தாண்டி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் மீனவக் குப்பங்களில் ஒன்றுக்குள் இறங்கினேன். மணலில் ஏற்றிவைத்திருந்த ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து, எதிரிலிருந்த வீட்டு வரிசையை வரையத் தொடங்கினேன்.

ஓர் அம்மாள் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் காலி அலுமினிய அன்னக்கூடை. அதில் மீன் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன.

"எம்மா, இன்னா எழுதினுகீற?"

"எழுதலக்கா. வரையறேன்."

"எத்த?"

"இந்த வீடுங்கள."

"யாரு அனுப்புனாங்க உன்ன?"

"யாரும் அனுப்பல. சும்மா பழகறேன்."

"சொம்மா யாரு இந்த வெயில்ல குந்திகினு அடுத்தவங்க வூட்ட வரைவாங்க?"

நியாயமான கேள்வி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் என்னை வலைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அழைத்துப் போனார் என்று சொல்வது மரியாதைக்கு. என் ஸ்கெட்ச் புத்தகத்தை வாங்கி அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். கொட்டகையில் நைலான் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஆண்கள் கையை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். ஊர்த் தலைவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். என் படத்தில் ஒரு வீட்டைப் பார்ப்பார், பிறகு எட்டிப் பார்த்து நிஜ வீட்டைப் பார்ப்பார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இந்த நம்பர ஏம்மா எழுதிகினே?"

ஒரு வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஏதோ எண் இருந்தது. கண்ணில் பட்டதை அப்படியே போட்டிருந்தேன்.

"செவுத்துல இருந்துச்சி, அதான்…"

"செவுத்துல யாரு எழுதுனாங்கன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னார். கொஞ்ச நாளைக்கு முன்பு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். காலேஜ் பிள்ளைகள், பூநாரை பார்க்க வந்தோம் என்றார்களாம். பறவையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். "அப்பால ஒரு நாளு எங்க ஆளுங்க கடலுக்குப் போயிகிற நேரமா பாத்து செவுத்துல நம்பரு வந்துச்சி. எத்துக்கு நம்பருன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்றான். இப்ப நீ வந்து அத்தயே படம் போட்டுகினுகீற."

பயிற்சிப் புத்தகம், அணில், ஆடு என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நான் பொய் சொல்வது போலிருந்தது. போனில் இருந்த என் படங்களைக் காட்டினேன். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கம்ப்யூட்டர்ல போட்டதுதானே?" என்றார். எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது.

முடிவை அந்த அம்மாள்தான் சொன்னார். "வரையட்டும், தலைவரே. கண்ணு பாக்கறத நாம இன்னா கட்டியா போட முடியும்? ஆனா தாள இங்கேயே வச்சிட்டுப் போவட்டும். ஒண்ணும் இந்த ஊர வுட்டு வெளிய போவக் கூடாது. போனு என் கூடையில கெடக்கட்டும்." என் பக்கம் திரும்பி, "இஷ்டம்னா வா. இல்லாங்காட்டி வராத" என்றார்.

அன்று வரைந்த தாள்களைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று பஸ்ஸில் முடிவு செய்தேன். அடுத்த வாரம் மறுபடியும் போனேன். ஏன் என்று கேட்டால், இத்தனை வருடங்களில் என் படத்தை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை. அலுவலகத்தில் நிறம் சரியா, அளவு சரியா என்று பார்ப்பார்கள். இங்கே ஒவ்வொரு கோட்டையும் எதற்காகப் போட்டாய் என்று கேட்கிறார்கள்.

அப்படியே அது பழக்கமாகிவிட்டது. வந்ததும் போனைக் கூடையில் போட வேண்டும். அக்கா என்று நான் கூப்பிட ஆரம்பித்திருந்த அவர், பக்கத்தில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து இறால் உரிப்பார். நான் நண்டை வரைந்தால் நண்டைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார், கடைசியாக என்னைப் பார்ப்பார். நான் கிளம்பும்போது தாள்களை வாங்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்வார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கும் சந்தேகம் வந்தது. அந்தத் தாள்களை என்ன செய்கிறார்கள்? அடுப்பில் போடுகிறார்களா? ஒருநாள் அவரே வாய் தவறி, "நேத்து எம் பொண்ணு இத்தயெல்லாம் போட்டோ புட்சி அனுப்பிச்சி" என்றுவிட்டார்.

"யாருக்கு?"

"உனுக்கு எத்துக்கு?"

வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. என் படங்கள் யாருடைய போனிலோ இருக்கின்றன. நாளைக்கு எங்கேயாவது போய்ச் சேர்ந்து, எனக்கே மாதிரிப் படமாகத் திரும்பி வருமோ? இணையத்தில் தேடினேன். பழவேற்காடு என்று போட்டால் பூநாரைகளும், இறால் பிரியாணியும், படகு சவாரியும்தான் வந்தன. கணவர் சிரித்தார். "அவங்க உன்ன வேவு பாக்கறவன்னு நெனைக்கிறாங்க. நீயும் அவங்கள அப்படித்தான் நெனைக்கிற. நல்ல ஜோடிதான்."

உண்மை கொஞ்ச நாள் கழித்துத் தெரிந்தது. அக்காவின் மகள் பொன்னேரியில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை பார்க்கிறாள். அவள்தான் அந்தப் படங்களை யாரோ தெரிந்த வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறாள், நம்பர் போட்டவர்கள் வீடுகளைக் கேட்டு வந்தால் இதை வைத்து எங்கள் இடத்தை அளந்து காட்ட முடியுமா என்று கேட்டு. வக்கீல் பார்த்துவிட்டுச் சொன்ன பதிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே என்னிடம் சொன்னாள். சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்.

"ஒரு வீடும் நேரா இல்லியாம். எல்லாம் கோணலா கீதாம். இத்த வச்சிகினு ஒரு கோழிக்கூடு கூட அளக்க முடியாதுன்னுட்டாரு."

ரொம்ப வலித்தது. தொழிலே அதுதானே எனக்கு. தாளை வாங்கிப் பார்த்தேன். வக்கீல் சொன்னது சரி. மணலில் உட்கார்ந்து கீழிருந்து பார்த்ததால் வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. அக்காவின் வீட்டுக் கதவு, அவர் அதில் நுழையும்போது குனிகிற குனிவு எனக்குப் பழகிவிட்டதால், இருப்பதைவிடக் குள்ளமாக வந்திருந்தது. இந்தக் கோணல் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று யோசித்தேன். நினைவுக்கு எதுவும் வரவில்லை. அப்போதும் நான் நம்பவில்லை. என்றாவது ஒருநாள் ஏதாவது பழைய பத்திரிகையில் இதே கோணல் கதவு கிடைக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

தாள்கள் அங்கேயே தங்கிவிடுவதால் வீட்டில் மறுபடி வரைய வேண்டுமானால் ஞாபகத்திலிருந்துதான் வரைய வேண்டும். மத்தியான நேரத்தில் உட்காருவேன். முதலில் கை தானாகப் போட்டது முக்கோணப் பாய் வைத்த படகு. அந்தக் குப்பத்தில் பாய் வைத்த படகே நான் பார்க்கவில்லை, எல்லாம் இன்ஜின். பயிற்சிப் புத்தகத்துப் படகு அது. அழித்தேன். அடுத்து ஒரு மீனவர் வந்தார், தலையில் முண்டாசு, கையில் துடுப்பு, முகத்தில் சிரிப்பு. அவரையும் அழித்தேன். என் கையை ஒரு திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வரைந்தேன். இது எங்கிருந்து வந்தது, இது யாருடையது என்று ஒவ்வொரு கோட்டையும் நிறுத்திக் கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு முழங்கை தேறினால் பெரிய விஷயம்.

இப்படி இருந்த ஒருநாள், திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவும் ஏறினார். கூடை நிறைய ஐஸ் போட்ட மீன். கண்டக்டர் அவரைக் கடைசி சீட்டுக்குப் போகச் சொன்னார். நான் நடுவில் இருந்தேன். கையில் தாள் இல்லை, போனை எடுக்கவும் தோன்றவில்லை, சும்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பாலைவனத்துக்கு முன்னால் டிரைவர் பிரேக் போட்டார். பின்னாலிருந்து மெல்லிய ஒரு தண்ணீர்க் கோடு சீட்டுகளுக்கு நடுவில் ஓடி வந்தது. ஐஸ் கரைந்த மீன் தண்ணீர். ஒரு புது ஷூ சட்டென்று உயர்ந்தது. புடவைக் கரை ஒன்று சுருட்டப்பட்டது. பஸ் கிளம்பியதும் தண்ணீர் பின்னால் போனது. அடுத்த நிறுத்தத்தில் மறுபடி முன்னால் வந்தது. இந்தத் தடவை இன்னும் கொஞ்ச தூரம். சேறு காய்ந்த ஒரு கால், நடவு வேலையிலிருந்து ஏறியவருடையதாக இருக்கும், அசையவே இல்லை. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது. பொன்னேரி வரும்வரை நான் தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் வரைய உட்கார்ந்தேன். முகமே இல்லாத படங்கள். பஸ்ஸின் தரையும் கால்களும் அந்தத் தண்ணீரும் மட்டும். பத்து நாளைக்கு மேல் வேறு வேலை எதையும் தொடவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் தண்ணீர் கொஞ்சம் முன்னேறும், கால்கள் என்ன செய்கின்றன என்பதுதான் கதை. கடைசிப் பக்கத்தில் அது டிரைவரின் செருப்பு வரை போய்ச் சேரும். வரைந்து முடித்ததும் வழக்கப்படி ஒவ்வொரு கோட்டையும் நிறுத்தி விசாரித்தேன். இது யாருடையது? எந்தக் கோடும் வேறு ஒருவர் பெயரைச் சொல்லவில்லை.

சென்னையில் சிறுவர் நூல்கள் போடும் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. படங்கள் பிடித்திருக்கின்றன, ஆனால் இப்போதெல்லாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது, கையால் வரைந்தது என்பதற்கு முதல்நிலை வரைவுகள், பார்த்து வரைந்த படங்கள் ஏதாவது அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். என்னிடம் ஒன்றுமே இல்லை. பார்த்து வரைந்தவை எல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கின்றன. பஸ்ஸில் நடந்ததற்கு எந்த வரைவும் கிடையாது. அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரிஜினல்களையே எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அந்த ஆசிரியர், என் வயதுப் பெண், தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் தடவிப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

கோபம் வரவில்லை. குப்பத்தில் பழகிவிட்டது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலின் பெருவிரலால் மறுகாலைச் சொறிந்துகொண்டிருந்தார். அதை வரைந்து கொடுத்தேன். அவர் காதுவரை சிவந்து, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, "போடலாம்" என்றார்.

அதை அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அவர் இறால் உரிப்பதை நிறுத்தினார்.

"இங்கேருந்து ஒண்ணும் எட்த்துனு போவக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"இது ஊருல பார்த்தது இல்லக்கா. பஸ்ல பார்த்தது."

"பஸ்ல போனது யாரு மீனு? அந்தத் தண்ணி யாருது?" அவர் குரல் உயர்ந்தது. "பஸ் ஏறனா மூக்க மூடிக்கிறாங்க. அத்த புக்கு வேற போட்டு ஊருக்கெல்லாம் காட்டப் போறியா? நாத்தம் புட்ச்சவளுங்கன்னு படிக்கிற புள்ளைங்கலாம் சிரிக்கறதுக்கா?"

ஓவியத்தில் எந்தக் கோடு யாருடையது என்று இத்தனை நாள் விசாரித்தவளுக்கு, அந்தத் தண்ணீர் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. "பாத்துட்டு சொல்லுக்கா. வேணாம்னா போடல" என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. அவர் வேண்டாம் என்றால் உண்மையிலேயே நிறுத்திவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. அவரும் அதைத்தான் என் முகத்தில் தேடியிருக்க வேண்டும்.

ஒரிஜினல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்குப் பதில் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. "எல்லாரும் பாத்துகினுகீறாங்க" என்றார், அவ்வளவுதான். வாடைக்காற்று ஆரம்பித்து, மழை வந்து, இரண்டு வாரம் நான் போக முடியவில்லை. கூரையில் ஒழுகுமே, தாள் நனைந்திருக்குமே என்று வீட்டில் உட்கார்ந்து பதறினேன். பதிப்பகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

மழை விட்டதும் போனேன். அக்கா தாள்களைக் கொண்டுவந்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. கடைசிப் பக்கத்தை எடுத்து நீட்டினார்.

"இந்த டிரைவரு செருப்பு நனையுது இல்ல?"

"ஆமாங்க்கா."

"அவன் இன்னா சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. அத்தோட கதை முடிஞ்சிடுது."

"கீழ எறங்குன்னு திட்ட மாட்டானா? நெசமாவா?" அந்தப் பக்கத்தை மற்றத் தாள்களோடு சேர்த்து என் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார். "போட்டுக்க. ஆனா எங்க ஊரு பேரு வரக் கூடாது. எம் பேரும் வரக் கூடாது. தலைவரும் அத்தான் சொன்னாரு."

ஒப்புக்கொண்டேன். புத்தகத்தில் எந்த ஊர் பேரும் இல்லை. அட்டைப் படத்தில், பஸ்ஸின் நெற்றியில் ஊர் எழுதியிருக்கும் இடத்தைக்கூட வெறுமையாக விட்டிருக்கிறேன். அது எந்தக் குப்பம் என்று யாராவது கேட்டால் மழுப்பிவிடுகிறேன், இங்கேயும் அந்தப் பேரைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் எங்களுக்குள் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. நான் போனால் போன் கூடைக்குள் போகிறது. தாள் அங்கேயே தங்குகிறது. அலுவலகத்து வேலைகளையும் விடவில்லை, வீட்டு வாடகை அதில்தான் போகிறது. மாதிரிப் படம் வேண்டாம், என்ன வேண்டும் என்று வாயால் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். சில வேலைகள் அதனால் வராமல் போயின.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதிகளில் ஒன்றை வலைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அக்காவின் மகள் அதைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். பெண்கள், வலை செப்பனிட்ட ஆண்கள், தலைவர் எல்லோரும் பார்த்தார்கள். புது ஷூ உயரும் இடத்தில் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு பக்கம் வரும். அதில் ஒன்றுமே நடக்காது, பஸ் நிற்கிறது, தண்ணீர் ஒரு சீட்டின் இரும்புக் காலைச் சுற்றித் தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் காட்டியதும் சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறால் உரித்த கையோடு அக்கா பக்கத்திலிருந்தவர் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"இன்னாக்கா, எதுக்கு சிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நீதானே வரைஞ்சே? உனுக்குத் தெரியாதா?" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எவ்வளவோ நேரம் பார்த்தேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்கிறேன். சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அதுவும் ஊரை விட்டு வெளியே போகக் கூடாதாம்.